பட்டியலில் பெயர் ஏறியது, ஓட்டு விழவில்லை: அமீரகத்தில் வேலை பார்க்கும் ஒரு வாக்காளரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் தமிழ்நாட்டின் தென் மாவட்டம் ஒன்றில் கடலோரக் கிராமத்துக்காரர். 2009-இல் துபாய் வந்தார், ஏ.சி. பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லாரும் ஊரில். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. படிவம் நிரப்பத் தெரிந்தவன், அவ்வளவுதான் என் தகுதி. அதில் நான் செய்த தப்பும் பின்னால் வருகிறது.

அண்ணன் பெயர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்தது. வோட்டர் ஐடி பீரோவில் பத்திரமாக இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலின்போது தற்செயலாக லீவில் இருந்ததால் ஓட்டுப் போட்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு தேர்தலிலும் இங்கேதான் இருந்தார். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் நிலைமை இதுதான்: ஊர்ப் பட்டியலில் பெயர் சும்மா இருக்கும், யாரும் தொடமாட்டார்கள், அது சட்டப்படி சரியா என்று யாரும் கேட்டதும் இல்லை.

கவனித்தது

2023 ஆகஸ்ட் லீவில் ஊருக்குப் போனவர், மகனின் பள்ளிச் சான்றிதழைத் தேடும்போது சுவர்க் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். மே மாதம் வந்தது. "இந்த முகவரியில் சாதாரணமாக வசிக்கவில்லை என்று ஆட்சேபணை வந்துள்ளது, இந்தத் தேதியில் நேரில் வந்து விளக்கம் சொல்லவும்" என்கிற மாதிரி வாசகம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மனைவி அன்றைக்குத் தன் தாய்வீட்டில் இருந்திருக்கிறார். வாங்கி வைத்த காகிதம் வைத்த இடத்திலேயே இருந்துவிட்டது. பட்டியலில் தேடினால் பெயர் இல்லை.

போன் பண்ணும்போது கொதித்துப்போய் இருந்தார். பங்காளி வீட்டோடு ஒரு வேலித் தகராறு உண்டு, அவர்கள்தான் படிவம் 7 கொடுத்து நீக்க வைத்தார்கள் என்பது அவர் முடிவு. இருக்கலாம். "கேஸ் போடணும் தம்பி, என் சொந்த வீடு அங்க இருக்கு, வீட்டு வரி என் பேர்ல கட்டுறேன்" என்றார்.

அவரிடம் நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு தொகுதியில் பெயர் சேர்க்க பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதாது, அங்கே 'சாதாரணமாக வசிப்பவராக' இருக்க வேண்டும். 20-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது: ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருத முடியாது. கொஞ்ச காலம் வெளியே போய்வந்தால் வசிப்பு போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறதுதான். ஆனால் பதினான்கு வருஷத்தைக் கொஞ்ச காலம் என்று எந்த அதிகாரி முன்னால் போய் வாதாடுவது? புகார் கொடுத்தவரின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், புகாரில் இருந்த விஷயம் உண்மை.

அந்த லீவிலேயே இன்னொரு குழப்பமும் தலை தூக்கியது. 'வசிப்பவர் இல்லை' என்று எழுத்தில் வந்துவிட்டதே, இதனால் வருமான வரி, ரேஷன் கார்டு, இங்கே இருக்கும் விசா எல்லாவற்றுக்கும் ஆபத்து வருமோ என்று மனைவி பயந்தார். இந்தப் பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வசிப்பு என்கிற ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு சட்டத்திலும் ஒவ்வொரு அளவுகோல். வருமான வரிக்கு இந்தியாவில் இருந்த நாட்களை எண்ணுகிறார்கள், 182 நாள் என்பது பலருக்கும் தெரிந்த கணக்கு. அமீரகத்திலோ சாதாரண ரெசிடென்ஸ் விசாக்காரர் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். வாக்காளர் பட்டியலுக்கு நாள் கணக்கே கிடையாது, உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒன்றில் பெயர் போனதால் மற்றொன்றில் போய்விடாது. அதே மாதிரி ஒன்றில் இருப்பதைக் காட்டி மற்றொன்றில் உரிமை கேட்கவும் முடியாது. வீட்டு வரி ரசீதை வைத்துக்கொண்டு அண்ணன் செய்யப் பார்த்தது இந்த இரண்டாவது காரியம்தான்.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணம்

முன்னால் மூன்று வழி இருந்தது.

முதல் வழி, நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு. வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் போகலாம், அதற்கும் மேலே மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். முதல் மேல்முறையீட்டுக்கு உத்தரவு வந்ததிலிருந்து 15 நாள், அது எப்போதோ கடந்துவிட்டது. நோட்டீஸே வரவில்லை என்றிருந்தால் பிடிப்பு இருந்திருக்கும், ஏனென்றால் வசிக்கவில்லை என்ற காரணத்தால் பெயரை எடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டில்தான் இருந்திருக்கிறது. விட்டுவிட்டோம்.

இரண்டாவது வழி, ஊரில் எல்லாரும் சொன்னது: சத்தமில்லாமல் படிவம் 6 போட்டு, ஊரிலேயே குடியிருப்பதாக எழுதிப் புது வாக்காளர் மாதிரி திரும்பச் சேர்ந்துவிடுவது. ஆதார் இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, பத்து நாளில் முடிந்துவிடும் என்றார்கள். நான் கூடவே கூடாது என்றேன். தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவின்கீழ் ஒரு வருடம் வரை சிறை, இல்லை அபராதம், இல்லை இரண்டும். தகராறு பண்ணிக் காத்திருக்கும் ஒரு பங்காளி வீடு பக்கத்திலேயே இருக்கும்போது, அவர் கையில் நாமே எடுத்துக் கொடுக்கிற ஆயுதம் அது.

மூன்றாவது வழி படிவம் 6ஏ. வேலை, படிப்பு என்று எந்தக் காரணத்துக்காகவும் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை, தங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கே 'வெளிநாடு வாழ் வாக்காளர்' ஆகப் பதியலாம். 2010-இல் கொண்டுவந்த திருத்தத்தால் வந்த 20ஏ பிரிவு, 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. (வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது, அவர்களுக்கு ஓட்டுரிமையே இல்லை.) இதில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. இங்கே இருக்கிறேன் என்று சொல்லியே உள்ளே வரலாம். இதையே எடுத்தோம்.

அப்புறம்தான் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முகவரி சென்னைப் புறநகர். 2009-க்கு முன்னால் இரண்டு வருஷம் அங்கே அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்திருக்கிறார், முதல் பாஸ்போர்ட் அந்த முகவரியில் எடுத்தது, இங்கே புதுப்பித்தபோதும் அதையே மாற்றாமல் விட்டிருக்கிறார். சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட் முகவரியை. ஊர்த் தொகுதி அதில் இல்லை.

புறநகர் முகவரியிலேயே பதிந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தோம். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் 6ஏ வந்ததும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., அந்த முகவரிக்குப் போய் உறவினர் யாராவது இருந்தால் ஆவணங்களைக் காட்டிச் சரிபார்த்து கையெழுத்து வாங்குவார். உறவினர் யாரும் இல்லை என்றால் ஆவணங்கள் தூதரகத்துக்குச் சரிபார்க்கப் போகும். அந்த அறையில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. தவிர, தான் வாழப்போகாத ஒரு தொகுதிக்கு எம்.பி. தேர்ந்தெடுக்க அவருக்கு மனசும் இல்லை. பாஸ்போர்ட்டை முகவரி மாற்றி மறுபடி எடுப்பது என்று முடிவானது.

நடந்தது: 2023 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை

செப்டம்பரில் துபாயில் விண்ணப்பித்தார். ஊர் முகவரிக்குப் போலீஸ் விசாரணை போனது, மனைவி பதில் சொன்னார். ஏழு வாரத்தில் புது பாஸ்போர்ட் வந்தது. எண் மாறிவிட்டதால் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. விசா பதிவிலும் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு இன்னும் பத்து நாள்.

நவம்பர் 20 வாக்கில் இணையத்தில் 6ஏ போட்டோம். தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல் அக்டோபர் 27-இல் வெளியாகியிருந்த சமயம், சிறப்புச் சுருக்கத் திருத்தம், அதாவது வருஷா வருஷம் பட்டியலைச் சரிபார்க்கும் பணி, நடந்துகொண்டிருந்தது. என் தப்பு இங்கேதான். பாஸ்போர்ட்டின் போட்டோப் பக்கம், முகவரிப் பக்கம் இரண்டையும் ஏற்றினேன். செல்லுபடியாகும் விசா உள்ள பக்கத்தையும் படிவம் கேட்கிறது. அமீரகம் 2022-லேயே பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டது, எமிரேட்ஸ் ஐடி அட்டைதான் எல்லாம். ஸ்டிக்கர் இல்லாததால் ஒரு வெற்றுப் பக்கத்தை ஏற்றிவிட்டு, புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். யார் புரிந்துகொள்வார்? டிசம்பர் கடைசியில் 'ஆவணம் முழுமையாக இல்லை' என்று நிராகரித்துவிட்டார்கள்.

ஜனவரி முதல் வாரம் இரண்டாம் முறை. இந்தத் தடவை எமிரேட்ஸ் ஐடி இரண்டு பக்கமும், குடியேற்றத் துறை இணையதளத்தில் இறக்கிய ரெசிடென்ஸ் விவரத் தாளும், எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தோடு. கூடவே ஒரு பக்கக் கடிதம், எளிய தமிழில், ஸ்டிக்கர் ஏன் இல்லை என்று விளக்கி. அதே தாள்களை எடுத்துக்கொண்டு மனைவி தாலுகா அலுவலகத்துக்கும் ஒரு தடவை போய் வந்தார். பி.எல்.ஓ.வாக வந்தவர் ஊர் அங்கன்வாடி ஊழியர். இந்த வகைப் படிவத்தை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார், ஆனால் பொறுமையாகக் கேட்டு மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த ஒரு பக்கக் கடிதம்தான் காரியத்தை முடித்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜனவரி 22-இல் வந்த இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. அண்ணன் முகம் தொங்கிப்போனது. இறுதிப் பட்டியல் வந்த பிறகும் சேர்க்கை தொடரும், வேட்புமனுவின் கடைசி நாளுக்குக் கொஞ்சம் முன்புவரை நேரம் இருக்கிறது என்று சொல்லித் தேற்றினேன். பிப்ரவரி நடுவில் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. பாகத்தின் கடைசியில், மற்ற வாக்காளர்கள் எல்லாம் முடிந்த பிறகு தனித் தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர். அவருடையது. அந்த வாக்குச்சாவடி எல்லையில் வளைகுடாவில் இருப்பவர்கள் எப்படியும் அறுபது பேராவது இருப்பார்கள்.

வாக்குப்பதிவு நாள்

வெளிநாடு வாழ் வாக்காளருக்கு வோட்டர் ஐடி கிடையாது. அசல் பாஸ்போர்ட்டோடு சொந்த வாக்குச்சாவடிக்கு நேரில் போய்த்தான் போட வேண்டும். "கான்சுலேட்டில் போட முடியாதா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கட்டடத்து பிலிப்பைன்ஸ்காரர்கள் 2022-இல் தங்கள் தேர்தலுக்கு இங்கேயே துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தார்கள். நம் துணைத் தூதரகத்தில் வேலை பார்க்கும் இந்திய அரசு ஊழியருக்கேகூட சர்வீஸ் வாக்காளர் என்ற வகையில் தபால் ஓட்டு உண்டு. அவரிடம் பாஸ்போர்ட் புதுப்பித்துக்கொண்ட ஃபோர்மேனுக்கு இல்லை. பதிலி மூலம், அதாவது நம் சார்பில் வேறொருவரை வைத்து, ஓட்டுப் போட வழி செய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-இல் காலாவதியானது. மின்னணுத் தபால் வாக்கைத் தரலாம் என்று 2020-இல் தேர்தல் ஆணையம் அரசுக்கு எழுதியது, அதுவும் அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. ரம்ஜான் லீவில் பாதி ஆட்கள் போய்விட்டதால் கம்பெனி அவருக்கு ஏப்ரல் 17 முதல் 22 வரைதான் லீவு கொடுத்தது. 17-ஆம் தேதி இரவு விமானம், 18 காலை மதுரை, 19 ஓட்டு, அப்புறம் திரும்புவது என்று கணக்கு. ஒரு நாள் இடைவெளி போதும் என்று நானும் சொன்னேன்.

ஏப்ரல் 16-ஆம் தேதி பெய்த மழையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அமீரகம் காணாத மழை, அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர். ஓடுபாதையில் தண்ணீர். 17-ஆம் தேதி விமானம் ரத்து. இடுப்பளவு தண்ணீரில் பாஸ்போர்ட்டை பாலித்தீன் பைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மெட்ரோ வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். அடுத்த இருக்கை 20-ஆம் தேதிக்குத்தான் கிடைத்தது.

19-ஆம் தேதி மனைவியும் அம்மாவும் போட்டார்கள். பூத் ஏஜெண்டாக இருந்த சொந்தக்காரப் பையன் சாயந்தரம் போன் பண்ணி, "மாமா, கடைசித் தாள்ல உங்க பேர் மட்டும் தனியா இருந்துச்சு" என்றான்.

பின்விளைவு

அந்தத் தேர்தலில் நாடு முழுவதும் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். ஓட்டுப் போட்டவர்கள் 2,958. அதிலும் 2,670 பேர் கேரளத்தவர், பல வருஷமாகவே தேர்தல் என்றால் கூட்டமாக டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் அவர்கள். இந்த எண்ணைக் காட்டி 'வெளிநாட்டுக்காரனுக்கு அக்கறை இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அண்ணன் எட்டு மாதம் அலைந்தவர், அவரும் இந்தக் கணக்கில் ஓட்டுப் போடாத பக்கத்தில்தான் இருக்கிறார்.

ஆனால் பதிவு வீண்போகவில்லை. அடுத்த தேர்தலுக்கு அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், யாரும் 'இவர் இங்கே வசிக்கவில்லை' என்று படிவம் கொடுத்து அவரை எடுக்கவும் முடியாது. வசிக்கவில்லை என்பதுதான் அவர் பதிவின் அடிப்படையே. 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது வீடு வீடாகப் போய்ப் பட்டியல் முழுவதையும் சரிபார்க்கும் பணி, தொடங்கியபோது எங்கள் கட்டடத்தில் பலர் பதறினார்கள், ஊர் முகவரியில் பழையபடி பெயர் வைத்திருந்தவர்கள் எல்லாரும். என் அறைக் கதவைத் தட்டாதவர் அவர் ஒருவர்தான்.

எதை மாற்றிச் செய்வேன்

பாஸ்போர்ட் முகவரியை முதலில் பார்ப்பேன். படிவத்தை அதற்கப்புறம் எடுத்தால் போதும். முகவரி தப்பாக இருந்தால் தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பே மாற்றத் தொடங்க வேண்டும், எங்களுக்கு அதிலேயே இரண்டு மாதம் போனது. புதுப்பிக்கும்போது 'பழைய முகவரியே இருக்கட்டும்' என்று விடுவதில் எவ்வளவு இருக்கிறது என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

விசா ஸ்டிக்கர் இல்லாத நாட்டில் இருந்தால், அதற்கு ஈடான அட்டையையும் விளக்கக் கடிதத்தையும் முதல் தடவையே வைப்பேன். அந்த நிராகரிப்பு என் கணக்கில் எழுத வேண்டியது.

ஊர் வீட்டுக்கு வரும் அரசாங்கக் காகிதம் எதுவானாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்ப ஒரு ஆளை நியமிப்பது. இப்போது மகன் அதைச் செய்கிறான், மின்கட்டண ரசீது வந்தால்கூட அனுப்பிவிடுகிறான்.

டிக்கெட் விஷயத்தில் எனக்கே தெளிவில்லை. ஒரு வாரம் முன்பே போயிருக்கலாம் என்று சொல்வது எளிது, ஆனால் லீவு கொடுப்பது கம்பெனி. வருடாந்திர லீவையே தேர்தலோடு சேர்த்து எடுக்க இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார். தேதி அறிவிப்பு வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்னால்தான் வரும் (2024-இல் மார்ச் 16-ஆம் தேதி வந்தது), அதனால் மேனேஜர் 'உத்தேச தேதி எழுதாதே' என்று ஒரு முறை திருப்பி அனுப்பிவிட்டார், அண்ணன் மறுபடி எழுதிக் கொடுத்தார்.

கடைசியாக ஒன்று, இன்னும் நடக்காதது. 6ஏ-வில் அவர் கொடுத்த உறுதிமொழிகளில், ஊருக்கே திரும்பிக் குடியேறினால் பதிவு அலுவலருக்கு உடனே தெரிவிப்பேன் என்பதும் ஒன்று. வேலையை விட்டுப் போகும் அன்று அந்தக் கடைசித் தாளிலிருந்து பெயரை எடுத்துப் பொதுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதை அவர் பாஸ்போர்ட் உறையின் உள்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.